ஆளுநர் வெல்ல வைத்த நேர்த்தி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்த தேர்தலில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாக்கில்லை. ஆனாலும் இத்தாலியின் பலெர்மோவில் அப்பா அளவுக்கு அதற்காகத் தவித்தவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவின் தம்பி, சிசிலியின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அவர் வென்றால் நகரத்துப் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக அப்பா நேர்த்தி வைத்தார்.

எல்லாம் மன்னாரில் சின்னம்மாவோடு இருந்த அண்ணாவுக்காகத்தான். அவனை இங்கே கூப்பிடும் மனுவைப் பதினெட்டு வயதாகுமுன் போடவேண்டும். குடிவரவு அலுவலகத்தில் எங்கள் வீடு சிறியது என்று அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஊரில் ஆளுநரைக் கொழும்பு அரசு நியமித்து அனுப்பும். அவரது ஒப்பத்துக்கே அவ்வளவு மதிப்பு. சனமே தெரிவு செய்கிற ஆளுநருக்கு அதிகாரம் இன்னும் கூடத்தானே என்பது அப்பாவின் நியாயம்.

அவர் வென்றார். சிஞ்ஞோரா வீட்டுக்கு அவர் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிப்போனார். அம்மாவிடம் இருந்தது சமையலறை இத்தாலியன் மட்டும்தான். அதனால் அண்ணாவின் மனுவைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன்.

அவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அன்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டை அளப்பது நகரசபை, விசா கொடுப்பது ரோம் என்றார். தன் கையில் இருப்பவை ஆஸ்பத்திரி, காடு, மீன்பிடி இப்படியானவை என்றார். நான் திகைத்துப்போனேன். வாசலில் இரண்டு கார் நிற்கிற மனிதர் தன்னால் ஏலாது என்கிறார்.

"அவரால ஏலாதாம் அம்மா. காடெண்டால் செய்வாராம்."

"வடிவாக் கேள் பிள்ளை. நீ பிழையாக் கதைச்சிட்டாய்."

திரும்பவும் கேட்டேன். அதே பதில்தான். அம்மா அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.

அடுத்த ஞாயிறு அப்பா மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றியபோது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி.

"அவர் ஒண்டும் செய்யேல்லையே. ஏனப்பா ஏறுறீங்கள்?"

"ஆள் வெண்டவர்தானே. நான் கேட்டது அதைத்தானே."

புனிதை தன் பங்கை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.

அண்ணாவின் பதினெட்டாவது பிறந்தநாள் வந்தது. மாதக்கணக்கில் அந்த நாளையே எண்ணிக்கொண்டிருந்தார்களே, பெரிய கொண்டாட்டம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். கேக் கூட வாங்கவில்லை. நானாவது பாடுவோம் என்று, வாட்ஸ்அப்பில் அண்ணாவின் முகம் வந்ததும் கைதட்டி இத்தாலியனில் வாழ்த்துப் பாடினேன். அம்மா எழுந்து உள்ளே போனார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, கடைசி வரியை இன்னும் சத்தமாகப் பாடினேன்.