உள்ளே தேய்த்த பித்தளைக் குழல்

திண்டுக்கல்லில் நான் ஸ்டூடியோ வைத்திருந்தபோது, சிறுமலையில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் சொம்பளவு பழைய பித்தளை லென்ஸ் ஒன்று இருந்தது. ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றினால் வெளிச்சம், போட்டால் இருட்டு, அவ்வளவுதான். மனுஷ முகத்தை அப்படியே எழுப்பிக் காட்டும் என்றார்கள். ஆசை யாரை விட்டது? வாங்கிவிட்டேன்.

என் பெரிய ஸ்டாண்டு கேமராவில் அது உட்காருவேனா என்றது. ஆசாரியிடம் தேக்குப் பலகை இழைத்து வாங்கி, நடுவில் வட்டமாக அறுத்து, லென்ஸ் வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கினேன். சந்தில் வெளிச்சம் கசிந்தது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்து அடைத்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. லென்ஸின் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வெறும் குழலை மனைவியிடம் கொடுத்தேன். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, கண்ணாடிகளைப் பூட்டி, பலகையில் மாட்டினேன். அந்தப் பளபளப்பைப் பார்த்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சில நாளில் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். புருஷனை முன்னமே இழந்த அவருடைய ஆத்தா இறந்துவிட்டாள். உயிரோடு இருந்தவரை ஒரு படம் எடுத்ததில்லை. தங்கச்சி குஜிலியம்பாறைப் பக்கம் மாமியார் வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். பச்சை உடம்புக்காரி இழவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவளை அனுப்பவில்லையாம்.

"ஆத்தா மொகத்தக் கடைசியாப் பாக்கலயேன்னு காலம்பூரா அழுவும்ணே. அதுக்குக் காட்டத்தான் ஒரு படம்."

போனேன். தாடையைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, கிழவியை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் சொந்தபந்தம். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தின் மேல் லேசாக ஒரு மூட்டம். ஊதுபத்திப் புகை என்று நினைத்துக்கொண்டேன். எடுத்து முடித்ததும் பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

ஸ்டூடியோவுக்கு வந்து அச்சுப்போட்டுப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் படத்தில் இருந்தார்கள். நடுவில், கிழவியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக வெறும் வெள்ளை. லென்ஸைக் கழற்றினேன். குழலின் உள்சுவரில் பூசியிருந்த கறுப்பு மை முழுக்கப் போய், உள்ளேயும் பித்தளை மின்னியது. வந்த வெளிச்சமெல்லாம் அதில் பட்டுத் தெறித்து நடுவில் குவிந்திருக்கிறது.

"உள்ள எதுக்குடி தேச்ச?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"ஏன், பாத்திரத்த வெளிய மட்டுமா தேய்ப்பாக? உள்ள ஒரே கரி" என்றாள். விளக்குக் கரியைப் பிசினில் குழைத்து நானே உள்ளே பூசினேன். கிழவி சாம்பலான பிறகு பூசி என்ன பிரயோசனம்?

தீட்டுக் கழிந்ததும் அண்ணனும் தங்கையும் கைக்குழந்தையோடு வந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அழவில்லை. வெள்ளை வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நான் ஆத்தாவ உரிச்சு வச்சாப்ல இருக்கேன்னு ஊரே சொல்லும். என்னைய எடுங்க."

ஆறுதலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து திரையை விலக்கினேன். கையிலிருந்த பிளேட் நழுவி விழுந்து நொறுங்கியது. குங்குமத்தை அழித்து, பூவை எடுத்துவிட்டு, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டிக் கண்ணை மூடி நாற்காலியில் இருந்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள், மடிப் பிள்ளைக்காரி.

"என்னம்மா செய்யிற? ஏம்ப்பா, நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே?" என்று அண்ணன்காரர்மேல் பாய்ந்தேன். அவர் குழந்தையை அணைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் தாடையில் கட்டியிருந்த துணியை விரலால் கீழே இறக்கினாள். "நீங்க நேருல பாத்தவுக. தலைய எம்புட்டுச் சாய்க்கணும், சொல்லுங்கண்ணே."

மறுத்துவிட்டு வாசலைக் காட்டியிருக்கலாம், செய்யவில்லை. "இடப்பக்கம். இன்னும் கொஞ்சம்" என்றேன். அவள் தாடைத் துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டாள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கன்னிவாடியில் பார்த்த அதே முகம், அதே வாய்க்கோணல். வேறு பிளேட்டைச் செருகி மூடியைக் கழற்றினேன். குழந்தை வீரிட்டு அழுதது. அவள் இமைகூட அசையவில்லை.

அச்சுப்போட்டு ஈரம் காயும் மட்டும் இருவரும் காத்திருந்தார்கள். அவள் மறுபடி குங்குமம் வைத்திருந்தாள். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டாள்.

"எங்காத்தா இப்பிடித்தான் இருந்துச்சா?"

"ஆமாம்மா" என்றேன்.

அப்போதுதான் அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.