மொட்டைத் தலையும் குல்லா நாடாவும்

கொடைக்கானலில் நான் குழந்தைகளுக்குக் கம்பளி ஸ்வெட்டர் பின்னி, பஸ் நிலையத்தருகே சின்னக் கடையில் விற்கிறேன். பழனியில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு மேலே வருகிறவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள். சந்தனம் பூசிய தலையில் தனிக் குல்லா வழுக்கும் என்று, ஸ்வெட்டரோடு சேர்த்தே குல்லா பின்னி, அதன் விளிம்பில் நாடா கோத்துவிடுவேன்.

இங்குள்ள வெள்ளைக்கார டீச்சரம்மா சிலவற்றை இங்கிலாந்தில் ஒரு கடைக்கு அனுப்பினார். அத்தனையும் திரும்பி வந்தன. குழந்தை உடுப்பின் குல்லாவில் நாடா வைக்க அங்கே சட்டம் விடாதாம். குளிருக்கு இழுத்துக் கட்டும் நாடாவுக்கு ஒரு சட்டமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவற்றை என் கடையிலேயே தொங்கவிட்டேன்.

ஒரு நாள் ஓர் அம்மா மொட்டைத் தலைப் பையனைக் கடை முக்காலியில் ஏற்றி, அவற்றில் ஒன்றைப் போட்டு நாடாவைக் கட்டிவிட்டு, காசெடுக்கப் பையைத் துழாவினார். பையன் முக்காலியிலிருந்து குதித்தான். நாடாவின் சுருக்கு, ஸ்வெட்டர் தொங்கவிடும் பலகையின் ஆணியில் மாட்ட, கழுத்து இறுகத் தொங்கினான். நல்லவேளை, மறுகணமே நாடா அறுந்தது.

ஓடிப்போய்ப் பையனைத் தூக்கினேன். அழுகை கேட்டுத் திரும்பிய அம்மாவோ, “என்னங்க, போட்டதும் அறுந்துபோச்சு! கெட்டியான நாடாவாக் கோத்துக் குடுங்க” என்றார்.

“அறுந்ததாலதாம்மா புள்ள தப்பிச்சான்.”

“அப்ப நாடா இல்லாம குல்லா தலையில நிக்குமாங்க?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது நாடாவுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைக்கிறேன், இழுத்தால் திறந்துகொள்ளும். “கழண்டுக்கிட்டே இருக்குங்க” என்று குறை சொல்கிறார்கள். பட்டனைக் குழந்தை பிய்த்து விழுங்கினால் அதற்கு எந்த ஊரில் என்ன சட்டமோ, தெரியவில்லை. அதனால் தைத்து முடித்ததும் ஒவ்வொரு பட்டனையும் நானே பல்லால் கடித்து இழுத்துப் பார்க்கிறேன்.