யாகப்புவின் சிவப்பு வெளிச்சம்

இளவாலைப் பக்கம் யாகப்புவைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் வீடுகளுக்கு வயர் இழுப்பார். தபசுகாலம் வந்தால் கோயில் வளவில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்துக்கு லைற் போடுவார். சனத்தின் முதுகுக்குப் பின்னால் பரண் கட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் பெட்டியோடு ஏறி உட்கார்ந்துவிடுவார். சிலுவைக் காட்சியில் திரை விலக, சிவப்பு ஸ்பொட்டை அவர் மெல்ல மெல்லக் கூட்டும்போது பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அந்த அழுகை தன் வெளிச்சத்தால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தார் மனுசன். நினைக்கட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

இந்த வருடம் வந்து சேர்ந்தாள் றெபேக்கா. பல்கலைக்கழகத்தில் அரங்கியல் படித்தவள். நாடகத்தை நெறிப்படுத்தும் எட்வேர்ட் மாஸ்ரர் அவளை மேடை முகாமையாளர் ஆக்கினார். வந்த கையோடு அவள் திரையைக் கழற்றினாள். காட்சியெல்லாம் இனி இருட்டிலேயே மாறவேண்டுமாம். யாகப்புவின் காதில் ஒரு ஹெட்செற்றையும் மாட்டிவிட்டாள்.

"யாகப்பு அண்ணை, நான் 'ஸ்ராண்ட்பை' எண்டால் ஆயத்தமாகுங்கோ. 'கோ' எண்டால் மட்டும் லைற்றைத் தூக்குங்கோ. பரணிலை இருந்து பாத்தால் இருட்டுக்கை ஒண்டும் தெரியாது. மேடைக் கரையிலை நிக்கிற எனக்குத்தான் தெரியும்."

"ஓம், ஓம்" என்றார். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

எங்கே திரும்பினாலும் றெபேக்கா, றெபேக்கா. போதாக்குறைக்குப் பெண்சாதி நவமணியும் அவளுக்குப் புட்டும் மாம்பழமும் கட்டி அனுப்பினாள்.

"எனக்கு ஒருநாளாவது பரணுக்குச் சாப்பாடு அனுப்பினியே?"

"அந்தப் பிள்ளை ஓடியாடி வேலை செய்யுதப்பா."

"அப்ப நான் அங்கை படுத்தே கிடக்கிறன்?"

முதல்நாள் நாடகம். வளவு நிறையச் சனம். சிலுவைக் காட்சிக்காக மேடை இருண்டது. "ஸ்ராண்ட்பை" என்றாள் காதுக்குள். யாகப்பு டிமரில் விரலை வைத்தார். இது என்னுடைய காட்சி. நேற்று வந்தவள் சொல்லித்தானா நான் வெளிச்சம் காட்டவேண்டும்? வீம்புக்கு, அவள் 'கோ' சொல்லுமுன்னே ஏற்றிவிட்டார்.

என்ன கோதாரி! இயேசுவாக நடித்த றொபின் முக்காலியில் ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு சேவகன் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்குகிறான், இன்னொருவன் சிலுவையில் கயிற்றை முடிகிறான். "மெல்லப் பிடியடா, கூசுது!" என்று றொபின் கத்தியது மைக்கில் ஊருக்கே கேட்டது. அழவந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பிளக்அவுட், கோ." றெபேக்காவின் குரல் நடுங்கவேயில்லை. அணைத்தார். கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னபோது ஏற்றினார். அன்றைக்கு ஒருத்தரும் அழவில்லை.

முடிந்ததும் மாஸ்ரர் சீறிக்கொண்டு வந்தார். "ஆற்றை வேலை உது? ஆர் செய்தது?"

யாகப்பு வாயைத் திறந்தார். முந்திக்கொண்டாள் றெபேக்கா.

"என்ரை பிழை, மாஸ்ரர். அவசரப்பட்டுக் 'கோ' சொல்லிப்போட்டன்."

மாஸ்ரரின் முகம் இளகிப்போயிற்று. "பரவாயில்லை பிள்ளை. ஒளிக்காமல் சொன்னியே, அது போதும்." பிறகு யாகப்புவின் தோளில் தட்டினார். "நீர் என்ன செய்வீர், அவ சொன்னதைத்தானே செய்தீர்."

வீட்டுக்கு வந்தால், மேடையடியில் எல்லாம் கேட்டுவிட்டு முந்தி வந்த நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "தன்ரை பிழையை ஒளிக்காமல் சொல்ல எவ்வளவு பெரிய மனம் அந்தப் பிள்ளைக்கு! நாளைக்கு இறால் பொரிச்சு அனுப்பவேணும்."

யாகப்பு சோற்றில் கைவைக்காமல் இருந்தார். அந்த நாடகம் முழுவதிலும் அவர் தன் எண்ணத்துக்குச் செய்தது அந்த ஒரு பிழைதான். அதையும் அவள் கொண்டுபோய்விட்டாள்.