முரடனும் சாதுவும்

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணாடி என்பார்கள். மூக்கில் கண்ணாடி போட்ட ஆளைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இவர் பாலிஷ் போட்டு முடித்த காரின் கதவு முன்னால் நின்று தலை வாரிக்கொள்ளலாம், அதனால் வந்த பேர் அது. நான் அதே பட்டறையின் பின்பக்க அறையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். எனக்குப் பட்டப்பேர் எதுவும் கிடையாது. கண்ணாடி வீட்டம்மா, அவ்வளவுதான்.

வாய் பேசாத மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். மிஷினைப் பற்றிக் கேட்டுவிட்டால் வாய் ஓயாது. சாப்பாடு எப்படி இருந்தது என்று நான் கேட்டால் மட்டும் 'ம்' என்பார்.

ஆரம்பத்தில் அவரிடம் ஒரே ஒரு பாலிஷ் மிஷின்தான் இருந்தது. ரோட்டரி. ஒரே அச்சில் கரகரவென்று சுற்றுகிற சாதனம். எப்பேர்ப்பட்ட கீறலையும் வழித்து எடுத்துவிடும். ஆனால் கொஞ்சம் அசந்து ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் சூடேறிக் கருகிவிடும், விளிம்பில் பட்டால் அடிப்பூச்சுவரை போய்விடும். கருகாமல் தப்பினாலும், காரை வெயிலுக்குக் கொண்டுவந்தால் வட்டவட்டமாக வரி தெரியும். அதற்கு முரடன் என்று பேர் வைத்திருந்தார். முரடனோடு மல்லுக்கட்டும்போது அடிக்கொரு தரம் நிறுத்தி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, பெயிண்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

இரண்டாவது மிஷின் வாங்கக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். துணிக்கடையில் நான் கொஞ்சம் நின்றாலே செருப்பைத் தேய்த்துச் சத்தம் போடுகிற ஆள், அந்தக் கடையில் கடைக்காரருக்குக் கொட்டாவி வரும்வரை நின்றார். ஒவ்வொரு மிஷினாகத் தூக்கிப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், பஞ்சு மாட்டுகிற தட்டைத் திருகிப் பார்த்தார். இவையெல்லாம் சுற்றிக்கொண்டே ஆடுகிற வகை. ஒரே இடத்தில் சூடு தங்காது, வரியும் விழாது. ஆட்டம் சின்னதாக இருந்தால் வளைவுக்கும் இடுக்குக்கும் தோது. பெரிதாக இருந்தால் பானெட், கூரை எல்லாம் சீக்கிரம் முடியும்.

"இந்தப் பெரிசு கொஞ்சம் உதறும் சார். போகப் போகக் கை பழகிடும்" என்றார் கடைக்காரர்.

"பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"சாது சார் இது. நீங்களே நினைச்சாலும் எரிக்கிறது கஷ்டம்."

அவ்வளவுதான், சாது வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே உதறல் குறைவான ஒன்று இருந்தது. மெதுவாகத்தான் வேலை ஆகும் என்று அதை ஒதுக்கிவிட்டார். பெயிண்டுக்கு என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்ட மனுஷன், தன் கைக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, பட்டறை திறந்ததிலிருந்து மூடும்வரை, சாது அவர் கையில் உதறிக்கொண்டே இருந்தது. தட்டு லேசாகக் கோணி உதறல் அதிகமான பிறகும் மாற்றவில்லை. ஆளுக்கு மிஷின்மேல் அப்படி ஒரு பாசம். விரல் நுனியெல்லாம் ஜிவ்ஜிவ்வென்று இருப்பதாக முதலில் சொன்னார். குளிர் நாட்களில் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். கேட்டால், "ரத்தம் ஓடலை, தேய்ச்சா சரியாயிடும்" என்பார். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். காலையில் சட்டைப் பொத்தானோடு போராடுவார். "சட்டை போடக்கூட மறந்துபோச்சா?" என்று திட்டிக்கொண்டே நான் போட்டுவிடுவேன். மகள் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இது வேறயா?" என்று கிண்டல் செய்வாள்.

அந்தச் சமயத்தில்தான் என்னை வேலைக்கு நடுவில் கூப்பிட ஆரம்பித்தார்.

"இந்தா, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ."

தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். முரடனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"இந்தக் கதவைத் தொட்டுப் பாரு. சுடுதா?"

"லேசா."

இன்னும் கொஞ்சம் ஓட்டுவார். "இப்ப?"

"இப்ப நல்லாவே சுடுது."

"சரி, போ."

பாலிஷ் போடும் முன்னால் பெயிண்டில் தூசு தும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத பொடிகூட நறநறவென்று விரலில் தட்டும். அதையும் என்னையே செய்யச் சொன்னார். நான் தடவிக்கொண்டே போய் "இதோ, இங்க" என்று காட்டுவேன், அவர் துடைப்பார்.

முதலாளிகூட ஒரு நாள் கேட்டார். "என்ன கண்ணாடி, வீட்டம்மாவுக்கும் தொழில் கத்துக் கொடுக்கறீங்களா?"

"என் கையைவிட அவ கை நல்ல கை சார்" என்றார் இவர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குத் தைத்த உறையெல்லாம் கோணல்மாணல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னையும் ஒரு பொருட்டாக நினைத்து நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாரே என்று பூரித்துப் போனேன்.

அப்புறம் என் அக்காவுக்குக் காலில் ஆபரேஷன் நடந்தது. கூடமாட இருக்க நான் அவள் வீட்டுக்குப் போனேன். இவர் காலையிலும் போன், மாலையிலும் போன். "எப்ப வர்ற? இன்னும் எத்தனை நாள் ஆகும்?" வேறு பேச்சே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் உன்னை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்க மாட்டார் போலிருக்கே. கொடுத்து வச்சவடி நீ" என்றாள் அக்கா. நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

நான் திரும்பி வருவதற்கு முந்தின நாள் ஒரு கறுப்புக் கார் வந்திருக்கிறது. பானெட்டில் ஆழமான கீறல். சாதுவுக்கு அது மசியவில்லை, முரடனை எடுத்திருக்கிறார். ஓட்டிவிட்டு நிறுத்திப் புறங்கையால் தொட்டார். குளிர்ச்சியாகத்தான் இருந்ததாம். மறுபடி ஓட்டினார், மறுபடி தொட்டார், அப்போதும் குளிர்ச்சி. கருகல் நாற்றம் வந்த பிறகுதான் நிறுத்தினார். பானெட் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய் அடிப்பூச்சு பல்லை இளித்தது. கார்க்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். முதலாளி அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பியபோதுதான் இவர் கையைக் கவனித்தார்.

"கண்ணாடி, கையில என்ன கொப்புளம்?"

இவரும் குனிந்து பார்த்தார். முதலாளி சொல்லித்தான் இவருக்கே தெரிந்தது.

நான் வந்து இறங்கியதும் முதலாளி எல்லாவற்றையும் சொன்னார். பாலிஷ் அறைக்குப் போனேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வேலையே இல்லாத துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலை. ஒரே நாள்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா போச்சு."

"அப்ப என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொடச் சொன்னது?"

"உன் கை இருந்துது. அதை வச்சுச் சமாளிச்சேன்."

"அட பாவி மனுஷா!" பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா மிஷினைப் பிடுங்கிடுவ."

பிடுங்கித்தான் இருப்பேன். பிடுங்கி நடுத்தெருவில் போட்டு உடைத்திருப்பேன். பெருமை என்று நினைத்து நான் ஓடி ஓடிப் போனதெல்லாம் இதற்குத்தானா? அவர் முன்னாலேயே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "தெரியுதா?" என்று கேட்கக் கேட்க, இவர் "தெரியுது, தெரியுது" என்று டக்டக்கென்று சொன்னார். டாக்டர் ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா கேட்டார், "இப்ப?"

"நல்லாத் தெரியுது சார்."

பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே அழுகையாகிவிட்டது. டாக்டர் நல்ல மாதிரி. குரலை உயர்த்தாமல் சொன்னார். மிஷினை இனிமேல் தொடவே கூடாது. இதற்குமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். போனது போனதுதான்.

"விரல் நுனி மட்டுமாவது வருமா சார்?" என்று கேட்டார் இவர். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அவர் விரல்களை எடுத்து என் மடியில் வைத்து, என் விரல்களோடு கோத்துப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் அப்படிப் பிடித்துக்கொள்கிற ஜோடி இல்லை நாங்கள். ஒரு பார்வை பார்த்தார். சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு நீலக் கார் வெயிலில் நின்றது.

"எவனோ ரோட்டரி போட்டு நாசம் பண்ணியிருக்கான். எப்படி வரி விழுந்திருக்கு பாரு" என்றார்.

"பார்த்தேன்."

அதற்குப் பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"எம்மேல கோவமா?"

"இல்லையே, ஏன்?"

"கையை விட்டுட்டியே."

நான் விடவில்லை. என் விரல் எனக்கே வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.