மசாசூசெட்ஸ் எத்தனையாவது?

என் கணவர் அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த நாட்டின் ஐம்பது மாநிலங்களையும் வரிசை பிசகாமல் சொல்லுவார். லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக் குசினியில், அரிசி வைக்கும் அலுமாரிக் கதவின் உட்புறத்தில், அமெரிக்க வரைபடம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். எண்பதுகளில் அங்கே தேர்தல் நடந்த ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. ஆக லிபரலான மாநிலத்தில் தொடங்கி ஆகக் கன்சர்வேட்டிவான மாநிலம் வரைக்கும் அதன் ஓரத்தில் ஒரு வரிசை போட்டிருந்தார்கள். இவர் அதைத் தலைகீழாக்கிக்கொண்டார். பத்திரிகைக்காரனுக்கு ஐம்பதாவதாக இருந்தது இவருக்கு முதலாவது. சோறு ஆக்க அரிசி எடுக்கும் போதெல்லாம் நான் அமெரிக்காவைத் திறந்து மூட வேண்டியிருந்தது.

"லிபரல் எண்டால் கட்டாக்காலி. கன்சர்வேட்டிவ் எண்டால் அதுக்கொரு கட்டுப்பாடு இருக்கு," என்பார். அவிழ்த்துவிட்டால் யார் தோட்டத்திலும் மேயும் மாட்டைத்தான் எங்கள் பக்கத்தில் கட்டாக்காலி என்போம்.

முதலாவது இடம் யூட்டாவுக்கு. "அங்க கனபேர் சமயக் கட்டுப்பாட்டில தேத்தண்ணிகூடக் குடியாயினம்," என்று நான் ஊற்றிக் கொடுத்த மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லுவார்.

"அப்ப உங்களை அங்க உள்ளுக்கு விடமாட்டினம்," என்பேன்.

பத்தாவது இடம் டெக்சாஸுக்கு. அவருடைய தம்பி அங்கே என்ஜினியர். அமெரிக்கத் தேர்தல் எப்படிப் போனாலும், மற்ற மாநிலங்கள் ஏறி இறங்கினாலும், டெக்சாஸ் மட்டும் பத்தை விட்டு அசையாது. "என்ர தம்பி இருக்கிற இடம். பத்துக்குக் கீழ இறக்கேலாது," என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். இந்த வரிசையில் அரசியல் எவ்வளவு, சொந்தபந்தம் எவ்வளவு என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். லண்டனில் பட்டம் முடித்தவளுக்கு மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. கடிதத்தைப் படித்துவிட்டு இவர் அலுமாரியைத் திறந்தபடி கனநேரம் நின்றார். இடம் கிடைத்தது மசாசூசெட்ஸில். இவருடைய வரிசையில் அது ஐம்பதாவது.

"ஐம்பது ஸ்டேட் இருக்க, இவளுக்கு இந்தத் தொங்கல்தானோ அம்பிட்டது?"

"டெக்சாஸில இந்தப் படிப்பு இல்லை அப்பா," என்றாள் மகள்.

முறுக்கிக்கொண்டாலும் அவர்தான் அவளுடைய பெட்டியை மூன்று தரம் அவிழ்த்து அடுக்கினார். ஹீத்ரோவில் அவள் உள்ளே போய் மறைந்த பிறகும், கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பிள்ளையில் உயிர். அது தெரிந்தபடியால்தான் பிறகு நடந்ததை நினைத்து என் மனம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகள் தொலைபேசியில் சொன்னாள், கல்யாணம் கட்டப் போகிறேன் என்று. மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வெள்ளைக்கார அமெரிக்கன். ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டிப் பிரிந்தவன். இவர் என்னிடமிருந்து ரிசீவரை வாங்கி, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கத்தவில்லை. ரிசீவரை மெல்ல வைத்தார்.

"இனி இந்த வீட்டில அவளின்ர பேர் எடுக்கக்கூடாது."

"அந்தப் பேரை வைச்சது ஆர்? நானோ? நாள் பாத்து, எழுத்துப் பாத்து நீங்கள்தானே வைச்சனீங்கள்," என்று நான்தான் கத்தினேன்.

அவர் தன் சொல்லைக் காப்பாற்றினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கிழமை, ஏழு நாளும், அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றவில்லை. யூட்டாவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய சிநேகிதர் ஒருவர் வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து வருவார். இவரோடு முன்பு ஒரே கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்தவர், வயதில் இளையவர், பொல்லாத குறும்பர். நான் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பேன். முன்னறையில் அமெரிக்கா ஓடும்.

"இந்தக் கிழமை கடைசி எது அண்ணை?"

"வேற எது? மசாசூசெட்ஸ்தான்."

குசினிக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொல்லுவார். அந்த வாயில் நுழையாத பெயரை இவர் ஒரு எழுத்துக்கூட விழுங்காமல் உச்சரிப்பார். மகளுடைய பெயரைச் சொல்வதில்லை என்று இருந்த மனிதர், அவள் இருக்கும் ஊரின் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

நான் மகளோடு கதைப்பதை அவர் ஒருபோதும் தடுக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் கட்டணம் குறைவு. தொலைபேசி படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. நான் எண்களைச் சுழற்றத் தொடங்கினால் முன்னறையில் டிவியின் சத்தம் குறையும். அதைக் கண்டுபிடித்த பிறகு, அவள் சொல்வதையெல்லாம் நான் திருப்பி உரத்துச் சொல்லத் தொடங்கினேன். "என்ன, அங்க முழங்கால் அளவுக்குப் பனியோ?" அடுத்த ஞாயிறு எட்மண்டன்காரரிடம் இவர், "மசாசூசெட்ஸில இந்த முறை சரியான பனி," என்பார்.

"டிவியில சொன்னவங்களோ அண்ணை?"

"ஓம், ஓம்."

பேத்தி பிறந்தபோது, "நீ போறதெண்டால் போ," என்றார். விமான டிக்கெட்டை அவரே எடுத்து மேசையில் வைத்தார். மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தேன். குழந்தை கறுப்போ சிவப்போ, யாரைப் போல இருக்கிறது, அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக விசாரணை வேறு வழியில் நடந்தது.

"அங்க பஸ்ஸில வயசு போன ஆக்களுக்கு எழும்பி இடம் குடுக்கினமோ?"

"குடுக்கினம்."

"பக்கத்து வீட்டுச் சனம் கதைக்குமோ?"

"எனக்குப் பனியில நடக்கேலாதெண்டு பக்கத்து வீட்டு மனிசி வந்து படியெல்லாம் கூட்டி விட்டது."

அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார். நான் கொண்டுவந்த குழந்தையின் படத்தை டிவிக்கு மேல் வைத்தேன். அடுத்த நாள் அந்தப் படம் வெயில் படாத பக்கத்துக்கு நகர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறுதான் அது நடந்தது. எட்மண்டன்காரர் வழக்கம்போலக் கடைசி எது என்று கேட்டார். இவர் தொண்டையைச் செருமினார்.

"வோட்டை மட்டும் வைச்சு ஒரு ஸ்டேட்டை அளக்கக்கூடாது. மசாசூசெட்ஸில கல்யாணம் முறியிறது மற்ற இடங்களைவிடக் குறைவாம். லைப்ரரியில பாத்தனான். வாயால கட்டுப்பாடு பேசுற கன ஸ்டேட்டில அது கூட. அதால நாப்பத்தொண்டு."

"அண்ணை, அது கட்டாக்காலி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னால்? ஆராய்ஞ்சு பாத்துத் திருத்தக்கூடாதோ?"

நான் அகப்பையைப் போட்டுவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினேன். "பிள்ளை, உன்ர ஸ்டேட் நாப்பத்தொண்டுக்கு ஏறிட்டுது." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்பாவை ஒருக்கால் போனுக்கு வரச் சொல்லுங்கோ அம்மா," என்றாள். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு முன்னறையை எட்டிப் பார்த்துக் கேட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்துக்குள்ள வரட்டும். கதைக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையோடு கதைக்க அமெரிக்காவின் அனுமதி வேண்டுமா? ஆனால் அவரை எனக்குத் தெரியும். நாலு பேர் அறியச் சொன்ன சொல்லை அப்படியே விழுங்க அவரால் முடியாது. நியாயம் சொல்லி நியாயம் சொல்லி, ஒவ்வொரு படியாக ஏறித்தான் மகளிடம் போவார். ஏற ஏணி ஒன்றாவது வைத்திருக்கிறாரே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று தொடக்கம் மகள் போனை எடுத்தவுடன், சுகமா என்று கேட்பதற்கு முன்னால், "எத்தினை?" என்றுதான் கேட்பாள். நான் சொல்லுவேன். முப்பத்தாறு. முப்பது. பழைய வீடுகளை இடிக்காமல் பேணுகிறார்கள் என்று ஒரு தரம் ஏற்றினார். மீன் சாப்பிடும் சனம் மோசமாகப் போகாது என்று இன்னொரு தரம் இரண்டு படி ஏற்றினார். எட்மண்டன்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல மனிதர். அவரும் தன் பங்குக்கு, "அண்ணை, அங்க பள்ளிக்கூடங்களும் திறமாம்," என்று எடுத்துக் கொடுப்பார்.

பிறகு அங்கே இன்னொரு தேர்தல் வந்து காரியத்தைக் கெடுத்தது. மசாசூசெட்ஸ் தன் வழக்கப்படி வாக்களித்தது. இவருக்கு ரோசம் வந்து, இருபத்துமூன்றில் பிடித்து நிறுத்திவிட்டார். அந்த வருடம் முழுக்க அது அசையவில்லை. "உங்கட மகளுக்கு அங்க வோட்டே இல்லை. ஊராக்கள் போட்டதுக்கு அவள் என்ன செய்யிறது?" என்று சண்டை பிடித்தேன். மகள் என்னைச் சமாதானம் செய்தாள். "விடுங்கோ அம்மா. அப்பா வருவார். எனக்கு அவசரமில்லை," என்றாள். ஆனால் அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை. பேத்தி பேசப் பழகியிருந்தாள். தாத்தா எங்கே என்று கேட்கும் வயது.

கடைசி ஞாயிறு அவர் சொன்ன எண் பதினேழு. நான் மகளிடம் சொன்னேன். "இன்னும் ஏழு," என்றாள்.

அந்த வியாழக்கிழமை காலை இவர் வேலைக்குப் புறப்படும்போது அலுமாரியைத் திறந்து பார்த்தார். நான் அமெரிக்காவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "அரிசி முடியப் போகுது. பின்னேரம் வரேக்க வாங்கிக்கொண்டு வாறன்," என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை. மத்தியானம் அலுவலகத்தில் கதிரையில் இருந்தபடியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். எட்மண்டன்காரர்தான் ஹீத்ரோவுக்குப் போய் ஏற்றி வந்தார். முன்னறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் அழவில்லை. டிவிக்கு மேலே இருந்த தன் பிள்ளையின் படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து குசினிக்குள் வந்தாள். நானும் பின்னால் போனேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அதனால் குசினியில் ஒருவரும் இல்லை. அவள் அரிசி அலுமாரியைத் திறந்து, தகப்பன் நிற்கும் அதே இடத்தில் நின்றாள்.

"கடைசியா எத்தினை அம்மா? பதினேழுதானே?"

பதினேழுதான். ஓம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செத்த மனிதர் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு எண். வாயைத் திறந்து சொன்னால் போதும், காசா பணமா? ஏழு படியை மிச்சம் வைத்துவிட்டு அரிசி வாங்கப் போய்விட்டார்.

"இல்லைப் பிள்ளை. பத்து," என்றேன். "வியாழக்கிழமை காலமை வேலைக்குப் போகமுதல் இதிலதான் நிண்டு சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை நான்தான் போன் எடுப்பன், நீ எடுக்காதை எண்டும் சொன்னவர்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பதினேழில இருந்து ஒரேயடியாப் பத்தோ?"

"ஓம்."

"அப்ப சித்தப்பாவின்ர டெக்சாஸ்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பதினொண்டு," என்றேன். "தம்பியைக் கீழ இறக்கிப்போட்டார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நம்பினாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அலுமாரிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா நாளைக்கு வாறார். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா."

நான் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.