வீடு யார் பேர்ல இருக்கு?

பகலில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். மாலையில் கட்டடங்களுக்குத் தூண், கம்பிக் கணக்குப் போட்டு வரைபடம் தருகிறேன்.

செங்கம் ரோட்டில் கட்டப்போகும் மூன்று மாடி லாட்ஜுக்கு இப்போது ஒப்பந்தம் வந்திருக்கிறது. எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது என்று கேட்க இன்று ஆடிட்டர் நஸ்ரின் மேடத்திடம் போனேன்.

"என் பேர்லயே பண்ணிடறேங்க. செலவு கம்மி இல்ல?"

"கம்மிதாங்க. ஆனா நாளைக்குக் கேஸ்னு வந்தா தொழில் வேற, நீங்க வேறன்னு சட்டம் பாக்காது. வீடு யார் பேர்ல இருக்கு?"

என் பேரில்தான். அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.

"அப்போ கம்பெனியா பதிஞ்சிடலாங்களா?"

"தனி ஆளாவே கம்பெனி போடலாம். கம்பெனி கடனுக்கு வீட்டுக்கு வரமாட்டாங்க. ஆனா உங்க கணக்கு தப்பாகித் தூண் விழுந்தா நீங்கதாங்க பதில் சொல்லணும். அதுக்குக் கம்பெனி காப்பாத்தாது."

அதுவரை வீட்டை நினைத்துத்தான் பயந்தேன். அப்போதுதான் அந்த லாட்ஜில் தூங்கப்போகிறவர்களை நினைத்தேன்.

கம்பெனியாகவே பதியச் சொல்லிவிட்டு, வெளியே வந்து லாட்ஜ்காரருக்குப் போன் செய்தேன்.

"சார், வரைபடத்தை இன்னொரு இன்ஜினியர்கிட்டயும் காட்டிட்டுத்தான் குடுப்பேன். லேட்டாகும்."

"ஏங்க, உங்க கணக்குல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு சார். பயமும் இருக்கு."

"சரி, காட்டிட்டே குடுங்க" என்றார்.

கம்பெனிக்குப் பெயர் வேண்டுமாம். எனக்குத் தோன்றுவதெல்லாம் பயந்தாங்கொள்ளிப் பெயராகவே இருக்கிறது. தைரியமான பெயர் ஒன்று யாராவது சொல்லுங்களேன்.