பட்டாளத்து டிரெய்லரும் பின்பாரமும்

முட்டை லாரிக்கு நான் பாடி கட்டியிருக்கிறேன். நாமக்கல்லில் ஏற்றிய முட்டை வடக்கே எந்த மூலையில் இறங்கினாலும் அட்டைக்குள் அசையாமல் போய்ச் சேரும். கோழித் தீவனம் ஏற்றும் டேங்கர், குடிதண்ணீர் லாரி, பள்ளிக்கூடப் பஸ், போர்வெல் போடும் ரிக் வண்டி எல்லாம் என் பட்டறையிலிருந்து போயிருக்கின்றன. ஒரு ஊர்க் கோயிலின் தேருக்கு இரும்பில் அடிச்சட்டம் செய்து கொடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தேர் முனகாமல் திரும்புகிறது. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. முதல் வேலை துரு சுரண்டுவது. சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தபோது வெல்டிங் மெஷின்கூட இரவல்தான். ஒரு சித்திரை மாதக் காற்றில் பட்டறைக் கூரை பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அதன் கீழேயே ஒரு லாரியை முடித்து வெளியே அனுப்பினேன். "ஆறு மாசத்துல இழுத்து மூடிருவான்" என்று சொன்னவர்களின் பிள்ளைகள் இப்போது என்னிடம்தான் பாடி கட்டுகிறார்கள்.

இத்தனை கட்டியபோதும் எனக்குப் பயம் என்று ஒன்று வந்ததில்லை. லாரியில் போவது சரக்கு. சரக்கு போனால் இன்னொரு சரக்கு. பயம் வந்தது ஒரே ஒரு வண்டிக்கு. அது லாரிகூட இல்லை, இரண்டே சக்கரம்.

என் மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். மலை, காடு என்று ஜீப்பில் சுற்றுவதில் அவருக்குப் பைத்தியம். பட்டாளத்தில் கழித்துக்கட்டிய டிரெய்லர் ஒன்றை ஏலம் எடுத்த வியாபாரியிடமிருந்து வாங்கி, ஒரு லாரியில் ஏற்றி என் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். பச்சை பெயிண்ட், அதன்மேல் வெள்ளையில் பாதி அழிந்த எண்கள், சக்கரத்தின் உள்பக்கம் நம் ஊர் மண் இல்லாத ஒரு சாம்பல் நிற மண்.

"மாமா, இதுக்கு மேல ஒரு சின்ன ஊடு கட்டித் தரோணும். படுக்க, சமைக்க, அல்லாம் உள்ளயே. ரோடு இல்லாத எடத்துக்கெல்லாம் ஜீப்புல மாட்டி இழுத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

"ஏனுங்க மாப்ள, பெங்களூருல இருக்கற ஊடு பத்தாதுங்களா?" என்று கேட்டேன். ஆனால் சுத்தியலை எடுத்துச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டியதுமே எனக்குக் கை பரபரத்தது. கோயில் மணி மாதிரி சத்தம். அப்பேர்ப்பட்ட இரும்பு இப்போது கிடைக்காது.

வேலையை ஆளிடம் விடவில்லை, நானே செய்தேன். அலுமினியத் தகட்டில் சுவர். மேலே தூக்கி விரித்தால் கட்டிலாகும் கூரை. கொசுவலை போட்ட ஜன்னல். வெல்டு வைக்க வைக்க ஒரே நினைப்புதான்: இதற்குள் படுக்கப் போவது முட்டை இல்லை, என் மகளும் பேத்தியும். ஒவ்வொரு கீலையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் ஏதோ ஒரு போல்ட்டை முறுக்காமல் வந்துவிட்டது போலிருக்கும். எழுந்து திரும்பப் போவேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளை போனில் வெளிநாட்டுப் படங்களைக் காட்டினார். பின்கதவைத் திறந்தால் அடுப்பு, அதன் கீழே தண்ணீர் டேங்க், கதவிலேயே ஸ்டெப்னி. எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. லாரிக்காரனுக்கு ஸ்டெப்னி, டூல் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் பின்னால் தொங்குவதுதான் பழக்கம். லாரிக்கு முன்னால் இன்ஜின் இருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும். அவர் படத்தில் பார்த்தார், நான் பழக்கத்தில் செய்தேன். எல்லாப் பாரமும் பின்னால் போய்ச் சேர்ந்தது.

பட்டறையில் டிரெய்லர் எப்போதும் நாலு மூலையிலும் ஜாக்கி முட்டின் மேல்தான் நின்றது. அப்படி நிற்கிற வண்டி தன் பாரத்தைச் சொல்லாது. ஓட்டிப் பார்த்ததும் காலி வண்டியாக, பரமத்தி ரோட்டில் மெதுவாகப் போய்த் திரும்பியதுதான். பூனை மாதிரி வந்தது.

அவர்கள் கிளம்பிய காலையில் டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்தோம். சிலிண்டர், அரிசி, பாத்திரம், எல்லாம் பின்கதவு அலமாரிக்குள் போயின. டிரெய்லரின் முன்னால் நீளும் இரும்புச் சட்டம் இருக்கிறதே, மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் மாதிரி, அதைத் தூக்கித்தான் அதன் வளையத்தை ஜீப்பின் கொக்கியில் மாட்ட வேண்டும். மகள் ஒற்றைக் கையால் தூக்கி மாட்டிவிட்டாள்.

"அப்பா, இத்தனை லேசா இருக்குதுங்க!"

"பின்னே? யாரு கட்டுனது?" என்றேன்.

"அப்புச்சி, நான் டிரெய்லருக்குள்ள உக்காந்துட்டு வாரேன்" என்று பேத்தி அடம் பிடித்தாள். ஓடுகிற டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லி ஜீப்பில் ஏற்றினேன். ராசிபுரத்தில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் பலகாரம், பிறகு சேலம் பைபாஸ், அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் ரோட்டில் போய்க் கருமந்துறை மலை. அதுதான் திட்டம்.

அவர்கள் போன பிறகு பட்டறையில் இருந்த வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே கிழங்கு லோடு ஏற்றும் என் பங்காளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பேனா? முழு லோடோடு நிற்கிற வண்டியை என் பெண் ஒற்றைக் கையால் தூக்கினாள், அப்படி ஒரு பேலன்ஸ் என்று சொன்னேன்.

"ஒத்தக் கையிலயா? அட, அது வண்டியா பட்டமா? இன்னொரு மூட்டைய பின்னால வெச்சிருந்தா உங்க மாப்பிள்ளையோட ஜீப்பையும் சேத்து மேல தூக்கியிருக்குமே!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு மட்டும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. எங்கள் அப்பா மாட்டு வண்டியில் எருவு ஏற்றும்போது பின்பாரமாகிவிட்டால் என்னைத் தூக்கி ஏர்க்கால் மேல் உட்கார வைப்பார். பின்பாரமான வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். மாடு நடந்தால் வண்டியின் பின்பக்கம் இடம் வலம் என்று அலையும். நடக்கிற மாட்டுக்கே அப்படி. நாலுவழிச் சாலையில் பறக்கிற ஜீப்புக்கு?

டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. அவருடைய அக்காவைக் கூப்பிட்டால், "இப்பத்தான் கெளம்புனாங்க மாமா, ரயில் கேட்டத் தாண்டியிருப்பாங்க" என்றார். ராசிபுரம் வரை ரோடு குண்டும் குழியும், மெதுவாகத்தான் போயிருப்பார்கள். அதற்கப்புறம் நாலுவழிச் சாலை. அங்கேதான் வேகம் எடுப்பார்கள்.

பழைய காரை எடுத்தேன். வீட்டுக்காரியும் ஏறிக்கொண்டாள்.

"ஏனுங்க, என்னாச்சு? மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"பின்பாரமாப் போச்சு. நீ போனப் போட்டுக்கிட்டே இரு."

அவள் குடியானவர் வீட்டுப் பெண். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போனை அழுத்துவாள், காதில் வைப்பாள், எடுப்பாள். மல்லூர் தாண்டும்போது ரோட்டில் கறுப்பாக ஒரு டயர்த் தேய்ப்பு வளைந்து போயிருந்தது. பழைய தேய்ப்புதான், எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அது முடிகிற இடம்வரை என் கண் அதை விட்டு வரவில்லை. சீலநாயக்கன்பட்டிப் பாலத்துக்குக் கீழே ஒரு கும்பல் நின்றது. வீட்டுக்காரி என் தோளைப் பிடித்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பலாப்பழம் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடையாப்பட்டி பக்கம் போகையில் மகள் போனை எடுத்தாள். வீட்டுக்காரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நானே கூப்புடலாம்னு இருந்தனுங்க. பின்னால வண்டி ஒருமாதிரி ஆடுதுங்கப்பா. இவரு காத்துங்கறாரு."

பின்னாலிருந்து பேத்தியின் சத்தம்: "அப்புச்சி, ஊஞ்சல் மாதிரி ஆடுது!"

மாப்பிள்ளை குரல் கேட்டது: "ஒண்ணுமில்லைங்க மாமா, எறக்கம். பிரேக் போட்டா நின்னுரும்."

"வேண்டாமுங்க மாப்ள! பிரேக்கத் தொடாதீங்க, கவுந்துரும்!" காருக்குள் நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரி நடுங்கிவிட்டாள். "ஸ்டேரிங்க நேரா புடிங்க. ஒடிக்காதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து கால மட்டும் எடுங்க. தானா வேகம் கொறையட்டும்."

ஒரு பெரிய ஹாரன் சத்தம். அப்புறம் லைன் இல்லை.

அதற்குப் பிறகு அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எத்தனையோ லாரி கவிழ்ந்து என் பட்டறைக்கு வந்திருக்கிறது. நசுங்கிய கேபினைப் பார்த்ததும் எங்கே வெட்டி எங்கே ஒட்டலாம் என்று யோசிக்கிற ஆள் நான். அன்றைக்கு அந்தக் கேபின்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னால் வந்தன. வீட்டுக்காரி குலதெய்வத்தின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்துப் பக்கம் பச்சை நிறம் தெரிந்தது. நிமிர்ந்து நின்றது. டிரெய்லரின் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது, வளையம் கொக்கியில்தான் இருந்தது. மகள் மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். பேத்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் காரைவிட்டு இறங்கி முதலில் பேத்தியைத் தூக்கிக்கொண்டேன்.

"நீங்க சொன்ன மாதிரி காலத்தான் எடுத்தாருங்கப்பா. பஸ்ஸுக்காரன் ஒரசற மாதிரி போனான். அப்பறம் மெதுவா ஒதுங்கிருச்சு" என்றாள் மகள். "நான் இதுல வரமாட்டேன். பாப்பாவக் கூட்டிட்டு பஸ்ஸுல ஊட்டுக்குப் போறேன்."

மாப்பிள்ளை டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "படத்துல இப்படித்தானுங்க மாமா இருந்துச்சு."

"படத்துல டேங்குல தண்ணி இருந்துச்சா இல்லையான்னு காட்டுனானுங்களா, மாப்ள?"

டேங்க் குழாயைத் திறந்துவிட்டேன், புளியமரம் குடித்தது. ஸ்டெப்னியைக் கதவிலிருந்து கழற்றி ஏர்க்காலின் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கினேன். சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் டிரெய்லருக்குள் முன்பக்கம் இருந்த பெட்டிக்கு மாற்றினோம். கொக்கியைக் கழற்றி, "இப்பத் தூக்குங்க மாப்ள" என்றேன். ஒரு கையால் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் பல்லைக் கடித்துத் தூக்கினார்.

"இது பாரமாச்சே மாமா?"

"மாட்டுக் கழுத்துல உக்கார வேண்டிய பாரமுங்க இது."

வளையத்தைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, யாரையும் ஏற்றாமல் நான் மட்டும் ஜீப்பை எடுத்தேன். வீட்டுக்காரி முன்னால் வந்து மறித்தாள். "உங்களுக்கு ஏதாச்சும் ஆனா?" என்றாள். அவளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். நாலுவழிச் சாலையில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனேன். கண் ரோட்டில் பாதி, கண்ணாடியில் பாதி. நான் கட்டிய சுவர் ஆடுகிறதா என்று பார்த்தேன். ஒரு இறக்கத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாகச் சிலிர்த்து, உடனே நேராகிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்ததும் மகள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "அப்ப நீங்க மலையடிவாரம் வரைக்கும் பின்னாலயே வரோணும்" என்றாள். போனேன். வாழப்பாடி வெயிலில், அந்தப் பச்சைப் பெட்டியின் பின்கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனேன். அது நேராகத்தான் ஓடியது. மலை ஏறிச் சேர்ந்துவிட்டோம் என்று போன் வந்த பிறகுதான் வீட்டுக்காரி கடையில் வாங்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மாப்பிள்ளை அந்தப் பயணத்தை இன்டர்நெட்டில் வீடியோவாகப் போட்டிருக்கிறார். பேத்திதான் காட்டினாள். "பட்டாளத்து டிரெய்லரை நானே வீடாக்கினேன்" என்று ஆரம்பிக்கிறார். கூரை விரிகிறது, ஜன்னல் திறக்கிறது, கீழே ஆயிரம் பேர் கைதட்டல் போட்டிருக்கிறார்கள். அயோத்தியாப்பட்டணம் வரும்போது, "எங்க மாமனார் பட்டறையில வெயிட் கொஞ்சம் பின்னால வெச்சுட்டாங்க, அதனால லேசா ஆடுச்சு, அப்பறம் சரி பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விடுகிறார்.

மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், என் மகளை நன்றாக வைத்திருக்கிறீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆட்டத்துக்கு மட்டும் மாமனார், கூரைக்கும் கட்டிலுக்கும் நீங்களா? டேங்கைப் பின்னால் வைத்ததில் பாதி உங்கள் படம், பாதி என் பழக்கம். என் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதேபோல அந்த வீடியோவில் என் பங்கையும் சொல்லுங்கள். ஒவ்வொரு வெல்டும் நான் வைத்தது. பிரேக்கைத் தொடாதீர்கள் என்று கத்தியது நான். ரோட்டோரத்தில் பாரத்தை முன்னால் மாற்றியது நான். யாரையும் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்ததும் நான். நீங்கள் வாயால் சொன்னால் மட்டும் போதாது. வீடியோ தொடங்கும்போதே, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் படிக்கிற மாதிரி, இதையெல்லாம் பெரிய எழுத்தில் போடவேண்டும்.